கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு வண்ணம் தீட்டிப் பழகுகிறேன். ஏன் எல்லாமே பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வருகிறது?

திண்ணைவாசி (இழையைத் தொடங்கியவர்)
12 ஜூலை, இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, கணக்கு எழுதுவது தொழில். படம் வரைய வராது. சின்ன வயதில் ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பக்கங்களில் கலர் பென்சிலால் தீட்டி, புத்தகத்தைப் பாழாக்கியதற்காக அண்ணனிடம் உதை வாங்கியவன். அந்த ஆசை இப்போது மறுபடியும் வந்திருக்கிறது.

நாலு மாதமாகக் கணினியில் பழகுகிறேன். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள், பழைய பேனா டேப்லெட் ஒன்று, அவ்வளவுதான் சாமான். பள்ளித் தோழன் ஒருவன் நன்றாக வரைவான். அவன் மையில் வரைந்த இரண்டு பக்கங்களை அனுப்பினான். ராத்திரி நேரப் பேருந்து நிலையம், டீக்கடை, கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெரியவர். ஆறு கட்டங்கள்.

முதல் பக்கத்துக்கு மூன்று வாரம் ஆனது. சட்டையின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் கொடுத்தேன். முகத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி. முடித்துவிட்டு மகளிடம் காட்டினால், "ஏம்ப்பா, தாத்தா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப் போறாரா?" என்கிறாள்.

பக்கத்தை இணைத்திருக்கிறேன். தயவு பார்க்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: வாளிக் கருவியால் வண்ணம் ஊற்றினால் கோட்டை ஒட்டி வெள்ளையாக ஒரு விளிம்பு நிற்கிறது. அதைத் தூரிகையால் நிரப்பியே கை வலிக்கிறது.

தூரிகைக்காரி
13 ஜூலை, காலை 7:15

மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் :)

ஒரு சோதனை செய்யுங்கள். முடித்த பக்கத்தின் மேல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் (கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு) போட்டு, கலக்கும் முறையைக் 'கலர்' என்று மாற்றுங்கள். வண்ணமெல்லாம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். உங்கள் பக்கத்தை நான் அப்படிப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் பெரியவரின் சட்டையும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே சாம்பல். சட்டை நீலம், சுவர் காவி என்பதால் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது நீலமா காவியா என்பதல்ல, வெளிச்சமா இருட்டா என்பதுதான்.

அதனால் அடுத்த பக்கத்தைத் தொடங்கும் முன் கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக்கி, மூன்றே சாம்பல் வைத்துப் பிரியுங்கள். முன்னால் இருப்பது, நடுவில் இருப்பது, பின்னால் இருப்பது. பத்து நிமிட வேலை. அதில் பெரியவர் தெரியவில்லை என்றால் அப்புறம் எத்தனை மடிப்புக்கு நிழல் போட்டாலும் தெரிய மாட்டார்.

ஏர்பிரஷ்ஷை, அதாவது ஓரம் கரையும் அந்த மென்மையான தூரிகையை, இரண்டு மாதம் தொடாதீர்கள். பிளாஸ்டிக் அங்கிருந்துதான் வருகிறது. எல்லாப் பொருளுக்கும் நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு என்று தடவியிருக்கிறீர்கள். டீ கிளாஸும் தாத்தாவின் கன்னமும் பேருந்தின் தகரமும் ஒரே வழவழப்பு.

அடிவண்ணம்
13 ஜூலை, மதியம் 1:30

வாளிப் பிரச்சினைக்கு நான் பதில் சொல்கிறேன், இதுதான் என் பிழைப்பு. வெளிநாட்டு வண்ணக் கலைஞர்கள் சிலருக்கு ஃபிளாட்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கத்தில் தலைமுடி, முகம், சட்டை, சுவர் என்று ஒவ்வொரு பகுதியையும் நிழலே இல்லாத தட்டையான வண்ணத்தால் பிரித்து வைப்பதுதான் ஃபிளாட்ஸ். அழகு பார்க்கும் வேலை இல்லை, பாத்தி கட்டும் வேலை. அதன்மேல்தான் வண்ணக் கலைஞர் தன் கைவரிசையைக் காட்டுவார்.

திண்ணைவாசி சார், முதலில் ஒரு கேள்வி. நண்பர் படத்தை அரட்டைச் செயலி வழியாக அனுப்பினாரா? கோட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக அழுக்கு தெரிகிறதே. அப்படி வந்தால் படம் சுருங்கிவிடும். அசலை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல் முறையில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத பிஎன்ஜி கோப்பாக மின்னஞ்சலில் வாங்குங்கள். பிறகு லெவல்ஸ் என்ற வெளிச்ச அமைப்பில் தாளின் வெள்ளையை முழு வெள்ளைக்கும், மையின் கறுப்பை முழுக் கறுப்புக்கும் இழுத்துவிடுங்கள். அந்த லேயரை மேலே வைத்து மல்டிப்ளை (வெள்ளை மறைந்து கோடு மட்டும் தெரியும் கலக்கும் முறை) போட்டுப் பூட்டிவிடுங்கள். இனி அதன்மேல் கை படவே கூடாது.

வெள்ளை விளிம்பு ஏன் வருகிறது தெரியுமா? கோட்டின் ஓரம் முழுக் கறுப்பு இல்லை, சாம்பலாகக் கரைந்து முடிகிறது. வாளி அந்தச் சாம்பலைக் கண்டதும் வேலி என்று நினைத்து நின்றுவிடுகிறது. அதனால் கீழே தனி லேயரில் ஊற்றுங்கள். கருவியின் அமைப்பில் 'குரோ' என்பதை இரண்டு மூன்று பிக்சல் வையுங்கள். வண்ணம் கோட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஓரத்தை வழவழப்பாக்கும் ஆன்டி-அலையாஸைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ஃபிளாட்ஸில் ஓரம் கரடுமுரடாகப் படிக்கட்டு மாதிரிதான் இருக்க வேண்டும். மேலே கோடு இருப்பதால் வெளியே தெரியாது. ஆனால் நாளைக்குச் சட்டையை மட்டும் மாற்ற நினைத்தால், ஒரே தொடுதலில் சட்டை முழுவதும் சுத்தமாகத் தேர்வாகும். ஓரத்தில் கரைந்த வண்ணம் இருந்தால் அதுதான் எச்சமாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

கிரிட்டாவில் கலரைஸ் மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கிறுக்கல் போட்டால் போதும், எல்லை கண்டுபிடித்து நிரப்பிக்கொள்ளும். கோட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் சமாளிக்கும். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு மல்டிஃபில், ஃபிளாட்டன் என்று இரண்டு பிளக்-இன்கள். முதலாவது வெள்ளையாக இருக்கும் எல்லாப் பகுதிக்கும் கண்டபடி வண்ணம் அடிக்கும், இரண்டாவது அந்த வண்ணங்களைக் கோட்டுக்கு அடியில் சந்திக்க வைக்கும். நான் பாதிப் பக்கம் அப்படி, மீதி லாசோவால் (சுற்றிக் கோடிழுத்துப் பகுதியைத் தேர்வு செய்யும் கருவி) கையில் வெட்டுவது. கை பழகினால் லாசோதான் வேகம்.

கைபேசிக்காரன்
13 ஜூலை, மாலை 6:02

டேப்லெட் கூட இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். நான் ஐபிஸ் பெயின்ட் என்ற கைபேசிச் செயலியில் ஆள்காட்டி விரலால்தான் தீட்டுகிறேன். பெரிதாக்கிப் பெரிதாக்கி வேலை செய்ய வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம். கழுத்தும் வலிக்கும்.

இரவுக்கழுகு
13 ஜூலை, இரவு 10:20

எல்லோரும் எப்படித் தீட்டுவது என்றே பேசுகிறீர்கள். தீட்டத்தான் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை!

இங்கே பாதிப் பேர் இரும்புக்கை மாயாவியையும் கௌபாய் நாயகன் டெக்ஸையும் வண்ணத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். மாயாவியை வரைந்த ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ, கறுப்பு வெள்ளையில் அச்சாகும் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்காக வரைந்தவர். மழை, சந்து, ஆளில்லாமல் மிதந்து வரும் ஒற்றைக் கை, எல்லாமே மையிலேயே முடிந்துவிட்ட விஷயம். டெக்ஸ் இத்தாலியில் 1948 முதல் வருகிறது. இன்றும் மாத இதழ் கறுப்பு வெள்ளைதான். 100, 200 என்று நூறின் மடங்கில் வரும் இதழ்களுக்குத்தான் வண்ணம். பாயசத்தில் எதற்கு ரசத்தை ஊற்ற வேண்டும்?

தூரிகைக்காரி
14 ஜூலை, காலை 6:50

கழுகாரே, பாதி ஒத்துக்கொள்கிறேன். கறுப்பு வெள்ளைக்காக வரைந்தவர் நிழலையும் மையிலேயே போட்டுவிடுகிறார். அதன்மேல் நாம் இன்னொரு நிழல் தடவினால் ஒரே முகத்துக்கு இரண்டு சூரியன். திண்ணைவாசி பக்கத்திலும் அதே தவறு இருக்கிறது, பாருங்கள். நண்பர் பெரியவரின் இடது கன்னத்தைக் கறுப்பாக்கியிருக்கிறார், அதாவது டீக்கடை விளக்கு வலதுபுறம். இவர் வலது கன்னத்திலும் நிழல் போட்டிருக்கிறார். தீட்டும் முன் 'மை என்ன சொல்கிறது, விளக்கு எங்கே இருக்கிறது' என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் தீட்டவே கூடாது என்பதற்கு எதிராக அகிரா என்ற காமிக்ஸ் இருக்கிறது. ஜப்பானில் ஒடோமோ என்பவர் கறுப்பு வெள்ளையில் வரைந்தது. 1988இல் அமெரிக்காவில் எபிக் நிறுவனத்தின் பதிப்பாக வந்தபோது ஸ்டீவ் ஓலிஃப் கணினியில் வண்ணம் கொடுத்தார். வண்ணம் தீட்டலுக்கு, காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதை வழங்கத் தொடங்கியபோது 1992இல் அதை வாங்கியவரும் அவர்தான். அந்தக் காலக் கணினியில் இவ்வளவு செய்திருக்கிறார் என்பதை நினைத்தால், நாம் பிரஷ் போதவில்லை என்று புலம்புவது சிரிப்பாக இருக்கிறது.

இரவுக்கழுகு
14 ஜூலை, காலை 9:11

அகிராவைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிட்டீர்கள். சரி. ஆனால் மாயாவி மாயாவிதான்.

நாலுகலர்
14 ஜூலை, இரவு 8:45

நான் சிவகாசிப் பக்கம். ஆப்செட் அச்சகத்தில் 30 வருடம் ஓடிவிட்டது. உங்கள் பேச்சைப் படித்துக்கொண்டே இருந்தேன், இன்று வாயைத் திறக்கிறேன்.

வண்ணம் அதிகம் கையில் இருப்பதுதான் தம்பிக்குத் தொல்லை. அந்தக் கால அமெரிக்க காமிக்ஸில் மொத்தமே 64 வண்ணம். சியான் (வெளிர் நீலம்), மஜெந்தா (கத்தரிப்பூ கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்று மை. ஒவ்வொன்றையும் இல்லை, 25 சதவீதம், 50, 100 என்று நாலே அளவில்தான் போடலாம். நாலை மூன்று முறை பெருக்கினால் 64. வண்ணக் கலைஞர் நகலின்மேல் சாயத்தால் தீட்டி, ஓரத்தில் குறியீடு எழுதிக் கொடுப்பார். வெள்ளைக்காரன் முகத்துக்கு ஒரே கணக்கு: மஞ்சள் 25, மஜெந்தா 25. கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் பெண்கள் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மைக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி பிலிமில் கையாலேயே பிரிப்பார்கள். பிழைப்பு கண்ணில்தான்.

ஹல்க் பச்சையானதே அச்சுக்கூடத்துப் புண்ணியம். 1962இல் முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் அச்சில் ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி, இன்னொரு பக்கத்தில் வேறு மாதிரி விழுந்தது. இரண்டாவது இதழில் பச்சையாக்கிவிட்டார்கள்.

தம்பி, உங்கள் பக்கத்தில் எத்தனை வண்ணம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த பக்கத்தை ஆறே ஆறு வண்ணத்தில் செய்யுங்கள். ஏழாவது வேண்டும் என்று தோன்றினால் ஒன்றை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

திண்ணைவாசி
15 ஜூலை, இரவு 12:10

எண்ணிப் பார்த்தேன் ஐயா. நிழல்களை விட்டுவிட்டால்கூட 53.

சேமிப்புக் கணக்கு எழுதுகிறவன் இப்படிச் செலவு செய்திருக்கக் கூடாது.

வேகவண்டி
15 ஜூலை, காலை 10:33

இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, கோட்டுப் படத்தைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் கலர் போட்டுத் தருகிறது. எதற்கு மூன்று வாரம்?

அடிவண்ணம்
15 ஜூலை, காலை 10:51

அவர் கேட்டது பொழுதுபோக்கு. அரை நிமிடத்தில் முடிந்துவிட்டால் மீதிப் பொழுதை எங்கே போக்குவது?

கைபேசிக்காரன்
15 ஜூலை, மதியம் 2:20

பழகுவதற்குக் கோட்டுப் படம் எங்கே கிடைக்கும்? நண்பர்கள் எல்லோருக்கும் அமைவதில்லை. டிஜிட்டல் காமிக் மியூசியம் தளத்தில் காப்புரிமை இல்லாத பழைய அமெரிக்க இதழ்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் எல்லாம் ஏற்கெனவே வண்ணம் அடித்தவை.

தூரிகைக்காரி
15 ஜூலை, மாலை 5:40

ஜார்ஜ் ஹெரிமனின் கிரேஸி கேட் என்ற பழைய அமெரிக்கப் பத்திரிகை காமிக்ஸைத் தேடிப் பாருங்கள். அவருடைய ஞாயிற்றுக்கிழமை முழுப்பக்கங்கள் 1916 முதல் 1935 வரை கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. பிறகுதான் வண்ணம். அவர் 1944இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் வரைதான் காப்புரிமை, அமெரிக்காவிலும் 1920களின் பக்கங்கள் பொதுச் சொத்தாகிவிட்டன. பாலைவனம், நிலா, மேசை போல நிற்கும் பாறைகள் என்று பின்னணிக்கே ஒரு மாதம் விளையாடலாம். கோடுகள் எல்லாம் பிசிறுபிசிறாக, மூடாமல் கிடக்கும். வாளி ஊற்றினால் பக்கம் முழுக்க வெள்ளம். லாசோ பழக இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

அடுத்தவர் வண்ண லேயர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பிரெஞ்சுக்காரர் டேவிட் ரெவ்வாவின் பெப்பர் அண்ட் கேரட் என்ற இணைய காமிக்ஸ். கிரிட்டா மூலக்கோப்புகளையே இலவசமாகத் தருகிறார். பெயரைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றலாம், வெளியிடலாம். அவருடையது ஓவியப் பாணி. ஃபிளாட்ஸ் பழக உதவாது, வெளிச்சம் பழக உதவும்.

லயன், முத்து பக்கங்களை ஸ்கேன் செய்து வீட்டில் பழகுவது வேறு. அதைப் பொதுவில் போடாதீர்கள். அவர்களே கஷ்டப்பட்டு உரிமை வாங்கித்தான் வெளியிடுகிறார்கள்.

திண்ணைவாசி
27 ஜூலை, இரவு 11:05

இரண்டாவது முயற்சி இணைப்பில். ஆறு வண்ணம். ஏர்பிரஷ் இல்லை. பேருந்து நிலையம் முழுவதும் கருநீலமும் அதைவிடக் கொஞ்சம் வெளிறிய ஊதாவும். டீக்கடை ட்யூப்லைட் வெளிச்சம் மட்டும் வெளிறிய பச்சை கலந்த வெள்ளை. பெரியவர் அந்த வெளிச்சத்துக்குள் நிற்கிறார். ஃபிளாட்ஸ் நாலு மணி நேரத்தில் முடிந்தது, போன முறை ஒன்பது நாள்.

ஆனால் தாத்தாவின் தோல் நிறம் எப்படிப் போட்டாலும் சேறு மாதிரி வருகிறது. அசல் புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்துத்தான் போட்டேன்.

தூரிகைக்காரி
28 ஜூலை, காலை 7:02

அட, இது வேறு ஆள் செய்த மாதிரி இருக்கிறதே!

தோல் விஷயம் எனக்கும் ரொம்ப நாள் ஆட்டம் காட்டியது. பாடம் சொல்லும் காணொளிகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்தே சொல்கின்றன. அதே சூத்திரத்தில் கொஞ்சம் கறுப்பைக் கலந்தால் நம்மூர் நிறம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். கறுப்பைக் கலந்தால் உயிர்தான் போகும். நிழலுக்குப் போகும்போது கருமையைக் கூட்டுவதோடு நிறத்தையும் திருப்புங்கள், செம்மண் பக்கமோ கத்தரிப்பூ பக்கமோ. நம் தோலில் வெளிச்சம் படும் இடம்தான் முக்கியம். மாநிறமும் கறுப்பும் சுற்றியிருக்கும் நிறத்தை நன்றாக வாங்கிக் காட்டும். வெயிலில் வேலை செய்கிறவரின் தோள்பட்டையைப் பாருங்கள், மேலே வானத்தின் நீலம் மின்னும்.

உங்கள் தாத்தா ட்யூப்லைட்டில் நிற்கிறார். அவருடைய உண்மையான நிறம் அங்கே எடுபடாது. புகைப்படம் எந்த வெளிச்சத்தில் எடுத்ததோ, நிறமும் அந்த வெளிச்சத்துக்குச் சொந்தம். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கடையின் அந்த வெளிறிய பச்சையைக் கொஞ்சம் கலந்து ஒரே வெட்டாக வையுங்கள், தடவாதீர்கள். கன்னத்து இருட்டை நண்பர் மையிலேயே போட்டுவிட்டார். அங்கே உங்களுக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. நீலப் பக்கத்தில் வெறும் சாம்பலை வைத்தாலே அது கொஞ்சம் செம்மையாகத் தெரியும். பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். அதனால் தோல் நிறத்தை வெள்ளைத் தாளில் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், சுற்றியிருக்கும் நீலம் வந்த பிறகு தேர்ந்தெடுங்கள்.

இரவுக்கழுகு
28 ஜூலை, இரவு 9:30

கட்சி மாறுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஒரு தகவல். வண்ணம் கதையையே மாற்றும் என்பதற்கு பேட்மேன் காமிக்ஸான கில்லிங் ஜோக் சரியான உதாரணம். 1988இல் ஜான் ஹிக்கின்ஸ் தீட்டினார். ஊதா, மஞ்சள், ஆரஞ்சு என்று திருவிழாக் கொட்டகை மாதிரி பைத்தியம் பிடிக்க வைக்கும் நிறங்கள். வரைந்த பிரையன் போலண்டுக்கு அது பிடிக்கவில்லை. 2008இல் தானே முழுவதையும் மறுபடி தீட்டினார். குளிர்ந்த, அடங்கிய நிறங்கள். ஜோக்கரின் பழைய நினைவுக் காட்சிகள் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளையாகிவிட்டன. கோடு அதே கோடு, வசனம் அதே வசனம். ஆனால் ஒன்று காய்ச்சல் கனவு, இன்னொன்று போலீஸ் கோப்பு. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். வரைந்தவருக்கே தெரியாத ஒன்றைத் தீட்டியவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடிவண்ணம்
28 ஜூலை, இரவு 9:48

எனக்குப் புதியது. சண்டைக்கு வரலாம்.

திண்ணைவாசி
9 ஆகஸ்ட், மாலை 7:20

ஒரு கஷ்டம். தாத்தா முகம் சரியாகிவிட்டது, மகளும் பாஸ் போட்டுவிட்டாள். நண்பனின் பிறந்தநாளுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு கடையில் அச்சடிக்கக் கொடுத்தேன். திரையில் ஊதாவும் நீலமும் தனித்தனியாகத் தெரிந்தன. தாளில் எல்லாம் ஒரே கருங்கும்மிருட்டு. கோடுகளைச் சுற்றி மெல்லிய சிவப்பு நிழல் வேறு. 'நீங்க கொடுத்த ஃபைல் அப்படித்தான் சார்' என்றார்கள்.

நாலுகலர்
9 ஆகஸ்ட், இரவு 9:15

கடைக்காரர் மேல் முழுப் பழி இல்லை தம்பி. திரை வெளிச்சத்தால் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) நீலமும் ஊதாவும் பளிச்சென்று ஜொலிக்கும். சிஎம்ஒய்கேக்கு (சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை முறை) மாற்றினால் முதலில் சாவது அந்த இரண்டும்தான். உங்கள் பக்கம் முழுக்க அவை. போதாததற்குத் திரையின் பிரகாசத்தை முழுதாக ஏற்றிவைத்து, ராத்திரி இருட்டு அறையில் தீட்டியிருப்பீர்கள்.

சிவப்பு நிழலுக்குக் காரணம் கறுப்பு. ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் நாலு மையிலும் பிரிந்துவிடும். போட்டோஷாப் வழக்கமான அமைப்பில் சியான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீதம் என்று பிரிக்கும், கூட்டினால் 300. மெல்லிய கோட்டை நாலு பிளேட்டில் அடித்தால் ரிஜிஸ்டர் (பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு மயிரிழை விலகினாலும் மஜெந்தா எட்டிப் பார்க்கும். கோட்டு லேயர் கறுப்பு மையில் மட்டும் 100 இருக்க வேண்டும், மற்ற மூன்றும் பூஜ்யம்.

நாலு மையின் சதவீதத்தையும் கூட்டினால் வரும் மொத்த மையும் கவனம். நியூஸ் பிரின்டுக்கு 240 தாண்டினால் தாள் குடித்து மறுபக்கம் தெரியும். ஆர்ட் பேப்பர் 300 வரை தாங்கும். கிரிட்டாவிலேயே அச்சில் எப்படி விழும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபிங் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு தீட்டுங்கள். இருட்டுக் காட்சியை உங்களுக்குச் சரி என்று படுவதைவிட ஒரு படி வெளிச்சமாக வையுங்கள். முழுப் பக்கத்தையும் அடிக்கும் முன் ஒரு கட்டத்தை மட்டும் அதே தாளில் அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட்டில் பார்க்க வேண்டாம்.

திண்ணைவாசி
17 ஆகஸ்ட், இரவு 10:50

ஐயா சொன்னபடியே செய்தேன். நீலத்தை ஒரு படி தூக்கினேன், கோட்டைத் தனிக் கறுப்பாக்கினேன், சோதனைக்கு நாலாவது கட்டத்தை மட்டும் அடித்து மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் முழுப் பக்கம். நண்பன் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் வரையும்போது இந்த ஆளு சோகமா இருக்கான்னு நினைக்கலடா, பஸ்ஸுக்குத்தான் நிக்கிறான்னு வரைஞ்சேன்" என்றான். அது பாராட்டா என்று தெரியவில்லை. இரண்டாவது பக்கத்தை 600 டிபிஐயில் அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.

அச்சான பக்கத்தின் படம் இணைப்பில்.

அடிவண்ணம்
17 ஆகஸ்ட், இரவு 11:04

அருமை சார். ஐந்தாவது கட்டத்தில் தாத்தா கையில் இருக்கும் கிளாஸுக்குள் டீ ஊற்ற மறந்துவிட்டீர்கள், வெள்ளையாகவே இருக்கிறது.

திண்ணைவாசி
17 ஆகஸ்ட், இரவு 11:06

ஐயோ. சட்டம் போட்டாகிவிட்டதே.

நாலுகலர்
17 ஆகஸ்ட், இரவு 11:20

பால் என்று சொல்லிவிடுங்கள் தம்பி.